41 வயதில் ஆட்டிசமாக இருக்குமோ என்று சந்தேகம், மதிப்பீட்டுக்குப் போவதா வேண்டாமா?

கடைசிவரிசை:

ரொம்ப நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன், இன்று அனுப்பிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. கணக்குத் தணிக்கை வேலை. பதினோரு வருடம் ஒரே மேசை, ஒரே மாதிரி வேலை, தப்பு கண்டுபிடிப்பதில் நல்ல பெயர். போன வருடம் பதவி உயர்வு கொடுத்து எட்டு பேருக்குப் பொறுப்பாளராக உட்கார வைத்தார்கள், அதிலிருந்து எல்லாம் சரிய ஆரம்பித்தது. வேலை கஷ்டமில்லை, மனிதர்கள்தான் கஷ்டம். ஒருவர் 'பரவாயில்லை சார், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் நிஜமாகவே பரவாயில்லையா, கோபத்தில் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டு போய்விடுவேன், இரண்டு வாரம் கழித்து மேலிடத்தில் என் மேல் புகார் போயிருக்கும். போன் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. பேசவேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், எதிர்முனையில் இருப்பவர் தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போடாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மனைவி ஏதாவது கேட்டால் பதில் மனதுக்குள் இருக்கிறது, வாய் வரைக்கும் வருவதில்லை. அவளுக்கு அது கோபமாகத் தெரிகிறது.

யோசித்துப் பார்த்தால் இது எதுவும் புதிதும் இல்லை. சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிளை வெட்டாமல் இன்றுவரை ஒரு சட்டை போட்டதில்லை. சின்ன வயதில் டெலிபோன் டைரக்டரியை உட்கார்ந்து படிப்பேன், மற்ற பிள்ளைகள் விளையாடும்போது. யாரும் கூப்பிடாததால் அல்ல, கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இணையத்தில் இருக்கும் கேள்வித்தாள்களைச் செய்து பார்த்தேன். ஏக்யூ என்பதில் 50க்கு 38. ராட்ஸ்-ஆர் என்பதில் 141. இரண்டுமே எல்லைக்கு மேலே. தைரியம் வரவழைத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். பத்து நிமிடம். "என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், வேலை இருக்கிறது, கல்யாணம் ஆகியிருக்கிறது, அப்புறம் என்ன ஆட்டிசம்? டென்ஷன்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்த்தேன், இருபது வருடப் பழக்கம் அது. அதை அங்கே சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, வண்டியில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

இந்த வயதில் டயக்னோசிஸ் வாங்கி என்ன செய்யப்போகிறேன்? அல்லது என் மந்தத்துக்கு நானே ஒரு கௌரவமான பெயர் தேடுகிறேனா? இன்னொன்று, சின்ன வயது விவரம் கேட்க அம்மாவையும் கூட்டிவரச் சொல்வார்கள் என்று படித்தேன். அவருக்கு 74 வயது, அப்பா இல்லை. 'நான் சரியாக வளர்க்கவில்லை என்கிறாயா' என்று எடுத்துக்கொள்வார். அதற்குப் பயந்தே தள்ளிப்போடுகிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


நிழல்மரம்:

புருவத்துக்கு நடுவில் என்ற வரியைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நான் மூக்கு நுனி.

எனக்கு 39 வயதில் சொன்னார்கள், இப்போது 43. முதலில் பார்த்த இடத்தில் எனக்கும் இதே பதில்தான், கூடுதலாக 'பெண்களுக்கு இது அபூர்வம்' என்று வேறு. அபூர்வமெல்லாம் இல்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆண் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய அடையாளங்களை வைத்துக்கொண்டு தேடினால் ஆண் பிள்ளைகள்தான் கிடைப்பார்கள். நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2017இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று பக்கத்தில் வந்தது.

மதிப்பீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல. முதல் நாள் முழுக்க வாழ்க்கைக் கதை. இரண்டாம் நாள் ஒரு அம்மா ஏடாஸ் என்ற மதிப்பீட்டு முறைப்படி உட்கார வைத்துப் பேசினார், சில காரியங்கள் செய்யச் சொன்னார். சொற்களே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார். எனக்கு மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது, நன்றாகவே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? படத்தில் எந்தப் பொருள் எங்கே இருந்தது, ஒரு பக்கத்தில் இருந்தது அடுத்த பக்கத்தில் எப்படி மாறியது என்று ஒன்று விடாமல் சொன்னேனாம், அதில் வரும் ஆட்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவராகக் கேட்கும் வரை ஒரு சொல் சொல்லவில்லையாம். எனக்கு அதில் ஒரு குறை இருப்பதாகவே தெரியவில்லை. கதை சொல்லச் சொன்னார்கள், நடந்ததைச் சொன்னேன்.

அன்று முடியும்போது அந்த அம்மா கேட்ட கேள்வி மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இவ்வளவு நேரம் ரொம்ப நன்றாகப் பேசினீர்கள். இன்று சாயங்காலம் எப்படி இருப்பீர்கள்?" நான் அழுதுவிட்டேன். சாயங்காலம் எப்படி இருப்பேன் என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை, வீட்டில்கூட.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அங்கே போய் 'எனக்கு மாஸ்கிங் (இயல்பை மறைத்து நடிப்பது) இருக்கிறது, மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் உடைந்துபோவது) வருகிறது' என்று படித்த சொற்களைச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். இருட்டில் ஒரு மணி நேரம், போன் பேசுவதற்கு எழுதி வைக்கும் தாள், பரவாயில்லை சார். அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு காரியம் உங்களால் முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் எல்லாம் முடிகிறது என்றுதான் தெரியும், அதைச் செய்து முடித்தபின் உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராது என்றால் எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், ஆறு பக்கம். அப்புறம் முக்கியமாக, அந்த அறையில் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள். சொல்வது சுலபம், எனக்கு முதல் நாள் முழுக்க முடியவில்லை.

அம்மா விஷயம். அம்மா வந்தால் நல்லது, வராவிட்டால் மதிப்பீடே நடக்காது என்றில்லை. அக்கா, அண்ணன், சித்தி, பள்ளிக்கால நண்பர், பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என் நான்காம் வகுப்பு அட்டையில் 'கேட்டால் மட்டும் பேசுகிறாள்' என்று இருந்தது, அது பாராட்டாம். நான் அம்மாவிடம் ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று மட்டும் கேட்டேன். "உன்னை வளர்த்தது மாதிரி சுலபம் எதுவும் இல்லை, ஒரு மூலையில் உட்கார வைத்தால் ராத்திரி வரைக்கும் அங்கேயே இருப்பாய், யாரையும் தேடமாட்டாய்" என்று பெருமையாகச் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.


நேர்கோடு:

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். போன் வந்தால் பயம், கூட்டம் பிடிக்காது, தனியாக இருக்க ஆசை, இது எல்லாருக்கும்தானே இருக்கிறது. அரை நிமிட வீடியோ பார்த்துவிட்டு ஊரே ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று சொல்லிக்கொள்கிறது. பதவி உயர்வு வந்தால் யாருக்கும் ஆறு மாதம் மூச்சு முட்டத்தான் செய்யும். நிஜமாகவே பேச்சு வராத குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டப்படுபவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?


நிழல்மரம்:

மாடி ஏறினால் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். உட்கார்ந்த இடத்தில் வாங்கினால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். 'எல்லாருக்கும் இருக்கிறது' என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு 39 வயது ஆனது.


அரைக்கண்ணாடி:

நான் மருத்துவ உளவியலாளர், பெரியவர்களுக்கு இந்த மதிப்பீடு செய்கிறேன். யாருக்கும் இங்கே வைத்து டயக்னோசிஸ் சொல்லமாட்டேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேர்கோடுக்கு. பேச்சு வராத குழந்தையும் தணிக்கை செய்யும் 41 வயதுக்காரரும் ஒரே பெயருக்குள் வருவது பலருக்கு உறுத்துகிறது, அந்த விவாதம் எங்கள் துறைக்குள்ளேயே உண்டு, தப்பான கேள்வி இல்லை. ஆனால் இவர் கேட்பதால் அந்தக் குழந்தைக்கு எதுவும் குறைந்துவிடாது. தேவை வேறு வேறு, அதனால்தான் டயக்னோசிஸ் எழுதும்போதே எவ்வளவு உதவி தேவை என்று மூன்று படிநிலைகளில் குறிக்கிறோம்.

கடைசிவரிசை, 41 வயது என்றால் உங்கள் பள்ளிக்காலத்தின் நடுவில்தான், 1994இல், பேச்சும் அறிவும் தடைபடாத ஆட்டிசத்துக்கு வைத்த ஆஸ்பெர்கர் என்ற பெயரே அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மில் ஏறியது. ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதியது 1944இல். அது ஜெர்மன் மொழிக் கட்டுரை, 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் ஆங்கிலத்தில் எடுத்துப் பேசும் வரை அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பிறகு 2013இல் அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 வந்தபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே தலைப்பில் சேர்த்தார்கள். சத்தம், வெளிச்சம், துணி உரசுவது போன்ற புலன் விஷயங்களும் அப்போதுதான் அளவுகோலுக்குள் வந்தன. உங்கள் சட்டை லேபிள் அதற்கு முன்னால் கணக்கிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்களைச் சின்ன வயதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது எதற்கும் ஆதாரம் இல்லை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் இது தெரியாது. நாங்கள் பார்ப்பது இரண்டு பக்கம். ஒன்று, மனிதர்களோடான கொடுக்கல் வாங்கல்: பேச்சில் மாறி மாறிப் போவது, முகம் கை கண் ஜாடை, உறவை உண்டாக்கி வைத்துக்கொள்வது. இதில் மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். இன்னொன்று, திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் தாங்காமை, ஒரே விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, புலன் உணர்ச்சிகள் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும், இப்போது இல்லாவிட்டாலும் முன்பு இருந்திருந்தால் போதும். எல்லாம் சிறுவயதிலிருந்தே இருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதித்திருக்கவும் வேண்டும். ஆனால் சிறுவயதிலேயே வெளியே தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. வாழ்க்கை கேட்பது ஒருவரால் கொடுக்க முடிவதைத் தாண்டும்போதுதான் முழுதாகத் தெரியலாம், கற்றுக்கொண்ட உபாயங்களால் மறைந்தும் இருக்கலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. பதினோரு வருடம் ஒரே மேசை, அப்புறம் எட்டு பேர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

மதிப்பெண்ணைப் பற்றி. ஏக்யூ 2001இல் வந்தது, 32 என்பது எல்லை. அந்த முதல் ஆய்வில் ஏற்கனவே டயக்னோசிஸ் ஆனவர்களில் 80% பேர் 32ஓ அதற்கு மேலோ வாங்கினார்கள், பொதுமக்களில் 2% பேர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டயக்னோசிஸ் ஆனவர்களில் ஐந்தில் ஒருவர் எல்லைக்குக் கீழே இருந்தார் என்பதும் அதே கணக்குதான். ராட்ஸ்-ஆரில் எல்லை 65, உங்களுடையது இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் கடும் சமூகப் பதற்றமோ ஏடிஹெச்டியோ (கவனக் குறைவு, மிகை இயக்கம்) ஓசிடியோ (எண்ணச் சுழல் நோய்) இருப்பவர்களும் அதில் உயரமாக வாங்குவார்கள். இவை வாசல் வரை கொண்டுவிடும், உள்ளே என்ன என்று சொல்லாது.

கண்ணைப் பார்த்தார் என்பதை மட்டும் வைத்து இல்லை என்று சொல்லக்கூடாது, அது தவறு. அடுத்த முறை நேரம் வாங்கும்போதே 'பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்கிறீர்களா, எந்த முறையில், எத்தனை அமர்வு' என்று கேட்டுவிடுங்கள். ஒரே அமர்வில் பத்து நிமிடத்தில் ஆமாம் என்று சொல்பவரையும் நம்பவேண்டாம். பழைய மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆட்டிசத்துக்கு என்று மருந்து கிடையாது, கூடவே வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்டு. அப்புறம் ஒன்று, இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.


பூச்சியம்:

இல்லை என்று பதில் வாங்கியவன் ஒருவனாவது இங்கே எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் இரண்டு வருடம் இதையே படித்துக்கொண்டிருந்தேன், நூறு சதவீதம் ஆட்டிசம்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். நான்கு அமர்வு முடிந்து ஏடிஹெச்டி, கூடவே சமூகப் பதற்றம், ஆட்டிசம் இல்லை என்றார்கள். மூன்று மாதம் கடுப்பில் இருந்தேன். வீடு கிடைத்துவிட்டது என்று சாமான் எல்லாம் இறக்கியபின் 'இது உங்கள் வீடு இல்லை, அடுத்த தெரு' என்று சொன்ன மாதிரி.

பிறகு மெதுவாகத்தான் புரிந்தது. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, தேவைக்கு மேலேயே தெரிகிறது, என்னைப் பற்றி மோசமாக நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான் என்னை ஊமையாக்குகிறது. கடைசிவரிசை சொல்லும் 'பரவாயில்லை சார்' எனக்கு உடனே கோபமாகத்தான் கேட்கும், கோபம் இல்லாத இடத்திலும். தினமும் ஒரே மாதிரி இருந்தால் அவருக்கு நிம்மதி, எனக்குப் பைத்தியம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் மூலையில் பேசாமல் நிற்போம். ஏடிஹெச்டிக்கு மருந்து ஆரம்பித்து, பதற்றத்துக்கு ஆலோசனைக்கும் போய், இப்போது ஓரளவு பரவாயில்லை. 2013க்கு முன்னால் என்றால் ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டும் இருப்பவருக்குக்கூட இரண்டில் ஒன்றைத்தான் எழுதியிருப்பார்களாம், அவை ஒருவருக்கே சேர்ந்து வரலாம் என்பதை டிஎஸ்எம்-5தான் ஒத்துக்கொண்டது.

போங்கள், ஆனால் எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் மனதோடு போங்கள். உங்களுக்கு இருக்கும் சிரமம் பொய் என்று யாரும் சொல்லப்போவதில்லை, பெயர் மட்டும் மாறலாம்.


தாமதவண்டி:

58 வயது. நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. தெரிந்துகொண்டேன், அது எனக்குப் போதும்.

காகிதம் வேண்டும் என்றால் எதற்கு வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். அலுவலகத்தில் போனுக்குப் பதில் மின்னஞ்சல், தனி மேசை இதையெல்லாம் உரிமையாகக் கேட்க வேண்டும் என்றால் காகிதம் தேவைப்படலாம். இன்னொரு பக்கம், சில நாடுகளில் குடியேற்றம், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மாதிரியான விண்ணப்பங்களில் மருத்துவ வரலாறு கேட்பார்கள், அதையும் விசாரித்துவிட்டுப் போங்கள். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதும் உங்கள் கையில். நான் வீட்டில் மட்டும் சொன்னேன். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அரை மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம். முப்பது வருடச் சண்டை அதில் பாதி குறைந்தது, மீதிப் பாதி ஆட்டிசத்தால் வந்தது இல்லை.

ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறுகினது யார் மதி? டேமியன் மில்டன் என்று ஆட்டிசம் உள்ள ஓர் ஆய்வாளர் 2012இல் ஒன்று எழுதினார், நமக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றால் அவர்களுக்கும் நம்மைப் புரியவில்லை, குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்று. எட்டு பேருக்கு நீங்கள் புரியவில்லை என்பதை யாராவது புகாராக எழுதினார்களா?


நேர்கோடு:

நான் சொன்ன தொனி சரியில்லை, அது புரிகிறது. வீடியோ விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் இவர் வீடியோ பார்த்து வந்தவர் இல்லை என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை.


கடைசிவரிசை:

மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நன்றி என்று மட்டும் போட்டால் சின்னதாகத் தெரிந்தது.

நிழல்மரம் அக்கா சொன்னபடி அம்மாவிடம் பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டேன். நினைத்ததைவிடச் சந்தோஷமாகப் பேசினார், என்னிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேனாம், அவர் தேடவும் மாட்டாராம், தானாக வெளியே வருவான் என்று தெரியுமாம். எனக்கு இது துளியும் ஞாபகம் இல்லை. பயமாக இல்லையா, என்ன பிள்ளை இது என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "எதற்குத் தோன்ற வேண்டும், உங்கள் அப்பா அப்படித்தானே" என்றார். அப்பா வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் வீட்டில் விளக்குப் போடக்கூடாதாம். அம்மா அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இதை மனைவியிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை அவள். அன்றிலிருந்து நான் வந்ததும் அந்த ஒரு மணி நேரம் எதுவும் கேட்பதில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அது ஒரு மாதிரி இருந்தது. அதனால் இப்போது ஒரு மணியை அரை மணியாக்க முயற்சி செய்கிறேன்.

பெரியவர்களுக்குச் செய்யும் ஓர் இடத்தில் நேரம் வாங்கிவிட்டேன், நான்கு அமர்வு, முதலாவது அடுத்த மாதம் 9ஆம் தேதி. அம்மா வருகிறேன் என்றார். அரைக்கண்ணாடி சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். போனில் இல்லை, மின்னஞ்சலில்தான்.